கிளிப்புக்கு முன் ஒரு கடிகாரம்

12 நவம்பர்

இதயத்தின் இடப்பக்க அறைகளுக்கு நடுவில் உள்ள மைட்ரல் வால்வில் கசிவு, இதயமும் பலவீனம் (ஹார்ட் ஃபெயிலியர்), கசிவைக் குறைக்கக் கிளிப் போடலாம் என்று முடிவாகிவிட்டால் எக்கோ, ரத்தம், பல் எல்லாம் பார்ப்பார்கள். யோசிக்கும் திறனைப் பார்ப்பது பெரும்பாலும் பட்டியலிலேயே இருக்காது. "புரிஞ்சுதாங்க ஐயா?" என்றால் "புரிஞ்சுதுங்க சிஸ்டர்" என்று தலையாட்டுவார். அதோடு அடுத்த கட்டிலுக்குப் போய்விடுகிறோம்.

ஹார்ட் ஃபெயிலியரில் பேச்சு அவ்வளவாகக் கெடுவதில்லை, பழைய கதையும் மறப்பதில்லை. முதலில் தளர்வது கவனம், வேகம், திட்டமிடுதல். வீட்டார் கண்ணுக்குத் தப்புவதும் இதனால்தான்.

கடிகாரம் வரையச் சொன்னால் தெரிந்துவிடும். இன்று ஒருவர் வரைந்ததில் வட்டம் சரி, எண்களும் சரி. பதினொன்று பத்து காட்டச் சொன்னதும் சின்ன முள் 11-க்குப் போனது, பெரிய முள் 10-லேயே நின்றது. பத்து நிமிடம் என்றால் முள் 2-ல் இருக்க வேண்டும் என்று மாற்றிப் பார்க்கும் அந்த ஒரு படியை மனம் தாண்டவில்லை. காதில் விழுந்த 'பத்து' இழுத்துக்கொண்டது. "அரை மாத்திரை, இரண்டு வேளை" என்பதை வீட்டில் பிரிக்கப் போகிறவரும் இவர்தான்.

13 நவம்பர்

யோசிக்கும் திறனைப் பார்க்கும் மோக்கா (MoCA) சோதனைக்கு 30 மதிப்பெண். 26-ம் அதற்கு மேலும் இயல்பு. பன்னிரண்டு வருடமோ அதற்குக் குறைவாகவோ படித்தவருக்கு ஒன்று கூட்டலாம். நாகலூர் பக்கம் ஐந்தாம் வகுப்போடு காப்பித் தோட்டத்துக்குப் போனவருக்கு அந்த ஒன்று எம்மாத்திரம்? அவருக்கு 21 வந்தால் உடனே நோய் என்று எழுதக் கூடாது. அவருடைய அடுத்த எண்ணோடு ஒப்பிடத்தான் அந்த 21. எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு மோக்கா பேசிக் தனியாக உண்டு.

காலையில், சாப்பிட்ட பிறகு, கண்ணாடியும் காதுக் கருவியும் போட்டபடி செய்ய வேண்டும். ஏற்காட்டிலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி வந்த தலைசுற்றலோடு உட்கார வைக்காதீர்கள். மூச்சு வாங்கும்போதும் கால் வீங்கியிருக்கும்போதும் எடுத்த மதிப்பெண்ணுக்கு அர்த்தமில்லை. துணைக்கு வந்தவர் வெளியே இருக்கட்டும். மகள் பக்கத்தில் இருந்தால் உதட்டசைவிலேயே விடை போய்விடும்.

20 நவம்பர்

மதிப்பெண் குறைந்தால் பழியை இதயத்தின் மேல் போடுவதற்கு முன்: சோடியம் (135-க்குக் கீழே போனால் கவனிக்கணும், 130-க்குக் கீழே குழப்பம் வரலாம்), ஹீமோகுளோபின், தைராய்டு. இதயத் துடிப்பைச் சீராக்கும் அமியோடரோன் எடுப்பவருக்குத் தைராய்டு கட்டாயம். சர்க்கரைக்கான மெட்ஃபார்மின் பல வருடமாக ஓடினால் பி12. படுத்தபடி ஒரு முறை, எழுந்து ஒன்றாம் நிமிடமும் மூன்றாம் நிமிடமும் ரத்த அழுத்தம். மேல் எண் 20 இறங்கினால் மாத்திரை அளவைப் பற்றி டாக்டரிடம் பேச வேண்டும். சளிக்கென்று கடையில் வாங்கிய குளோர்ஃபெனிரமினையும் கேளுங்கள். முதியவர்களை அது மந்தமாக்கும், சிறுநீரையும் அடைக்கும். கேட்காவிட்டால் யாரும் சொல்ல மாட்டார்கள்.

28 நவம்பர்

கிளிப் போடத் தொடையின் ரத்தக் குழாய் (சிரை) வழியாக ஒரு மெல்லிய குழாய் போகும். மேலறைத் தடுப்பைத் துளைத்து இடப்பக்கம் வந்து, வால்வின் இரண்டு இதழையும் நடுவில் கவ்வும். 1991-ல் இத்தாலிய அறுவை மருத்துவர் ஒட்டாவியோ அல்ஃபியேரி தையலாகப் போட்டதைத்தான் இப்போது கோபால்ட்-குரோமியம் கிளிப் செய்கிறது. மார்பைத் திறப்பதில்லை, பம்ப் மெஷினும் இல்லை. கிளிப் போட்டபின் வால்வு குறுகிவிடக் கூடாது. வால்வின் இரு பக்கமும் உள்ள சராசரி அழுத்த வேறுபாடு 5 mmHg-க்குள் இருக்கிறதா என்று பார்ப்பார்கள்.

உடல் எடையில் 2 சதவீதமே உள்ள மூளை, இதயம் தள்ளும் ரத்தத்தில் சுமார் 15 சதவீதத்தை வாங்கிக்கொள்கிறது. பின்னால் கசிந்தது முன்னால் போனால் மூளைக்கும் பங்கு கூடும் என்பது நியாயமான எதிர்பார்ப்பு. ஆனால் ஏற்கெனவே வந்துபோன சின்னச் சின்ன ஸ்ட்ரோக்கின் தழும்பு அழியாது. 2018-ல் வந்த இரண்டு பெரிய ஆய்வுகளில் கோஆப்ட் 614 பேரில் மருத்துவமனைச் சேர்க்கையும் இறப்பும் குறைந்ததைக் காட்டியது. 304 பேரை வைத்து நடந்த மைட்ரா-எஃப்ஆர் பலன் காட்டவில்லை. இரண்டின் முதன்மைக் கேள்வியும் நினைவாற்றல் அல்ல. ஆகவே "கிளிப் போட்டா மறதி போயிடும்" என்று வீட்டாரிடம் வாக்குக் கொடுக்கக் கூடாது.

4 டிசம்பர்

கிளிப் போட்ட பிறகு முதல் இரவுகளில் குழப்பம் வரலாம். கத்துபவரை எல்லோரும் கவனிப்பார்கள்; சும்மா தூங்கி வழிபவர்தான் தப்பிப் போவார். கிழமைகளை ஞாயிறிலிருந்து பின்னோக்கிச் சொல்லச் சொல்லுங்கள். வெள்ளியிலேயே நின்றுவிட்டால் டாக்டருக்குச் சொல்லுங்கள். கண்ணாடியைத் திருப்பிக் கொடுங்கள், சிறுநீர்க் குழாயைச் சீக்கிரம் எடுக்கச் சொல்லுங்கள், மலச்சிக்கலைப் பாருங்கள், தூக்க மாத்திரை கேட்டு வாங்காதீர்கள். வாய் கோணினாலோ ஒரு கை தளர்ந்தாலோ அது குழப்பம் இல்லை, ஸ்ட்ரோக். அந்த நிமிடமே கூப்பிடுங்கள்.

6 டிசம்பர்

டிஸ்சார்ஜ். "புரிஞ்சுதா" என்று கேட்காமல் மாத்திரைகளை அவர் கையிலேயே கொடுத்துப் பெட்டியில் அடுக்கச் சொல்லுங்கள். தப்பு எங்கே நடக்கிறதோ அங்கேதான் வேலை.

சிறுநீரைப் பிரிக்கும் லேசிக்ஸ் மாத்திரை காலை 8, மதியம் 2. மாலை தாண்டினால் ராத்திரி முழுக்க எழுந்து, மறுநாள் மந்தம். சேலத்துக்குப் பஸ் ஏறும் நாளில் நடுவழியில் நிறுத்த மாட்டார்கள் என்று மாத்திரையையே விட்டுவிடுகிறார்கள். அன்று மட்டும் இறங்கிய பிறகு போட்டுக்கொள்ளலாமா என்று முன்கூட்டியே டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்குங்கள். காப்பிப் பழம் பறிக்கும் பருவத்தில் பகலில் வீட்டில் ஆள் இருக்காது. மதிய வேளையைக் குறைக்க முடியுமா என்பதையும் அப்போதே கேளுங்கள்.

உப்பு மொத்தம் நாளுக்கு 5 கிராம், ஒரு டீஸ்பூன். ஊறுகாயும் தட்டுவடை செட்டும் அந்தக் கணக்குக்குள்தான். காலையில் சிறுநீர் கழித்த பிறகு எடை பார்க்க வேண்டும். மூன்று நாளில் 2 கிலோ ஏறினால் போன். எடையை எழுதும் பொறுப்பு வீட்டில் ஒருவர் பெயரில் இருக்கட்டும்.

9 ஜனவரி

மறுபரிசோதனைக்கு மோக்காவின் வேறு வடிவத் தாள். அதே தாள் என்றால் பழக்கத்திலேயே மதிப்பெண் ஏறும். ஒன்றிரண்டு கூடியதை வைத்துக் கொண்டாட வேண்டாம். மாத்திரைப் பெட்டியையும் எடை நோட்டையும் வாங்கிப் பாருங்கள். செவ்வாய் அறை நிரம்பியே இருக்கிறதா? மருந்துக்கடையில் கம்பெனி மாறி நிறம் மாறியிருந்தால் புது மாத்திரை என்று நினைத்துப் பழையதையும் சேர்த்துப் போட்டிருப்பார். பழைய அட்டைகளை இங்கேயே வாங்கி வைத்துக்கொண்டு, புதியதன் மேல் மருந்தின் பெயரைத் தமிழில் பெரிதாக எழுதி அனுப்புங்கள்.