கிருஷ்ணாபுரம்: கல்லில் நிற்கும் பாரதம்

நெல்லையிலிருந்து பாளையங்கோட்டை தாண்டி, திருச்செந்தூர் சாலையில் ஏறக்குறைய 13 கிலோமீட்டரில் கிருஷ்ணாபுரம் வேங்கடாசலபதி கோயில். ஏறும்போதே பஸ் அங்கே நிற்குமா என்று நடத்துநரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். காலை ஒன்பது மணிக்குள் போய்விடுவது உத்தமம். உச்சிவேளையில் நடை சாத்தினால் மாலைதான் திறப்பார்கள். பதினொன்றரைக்கு மேல் வருகிறவர்களுக்குச் சேவையும் அவசரம், சிற்பமும் அவசரம்.

மதுரையை ஆண்ட கிருஷ்ணப்ப நாயக்கர் எழுப்பிய கோயில் இது. இதற்கு ஊர்களை மானியமாக விட்டதை விஜயநகர அரசர் சதாசிவராயரின் 1567-ஆம் ஆண்டுச் செப்பேடு சொல்கிறது. ஸ்ரீதேவி, பூதேவியோடு நின்ற கோலத்தில் சேவை சாதிக்கும் வேங்கடாசலபதிக்குத் துளசி கொண்டு போங்கள். முதலில் பெருமாள், அதன்பிறகு வீரப்ப நாயக்கர் மண்டபம்.

மண்டபத்தில் கர்ணன் முன்னால் நிதானமாக நில்லுங்கள். கையில் நாகாஸ்திரம், பாம்பே அம்பான ஆயுதம். அதைக் குறி தவறாமல் விட்டும், கண்ணன் தேரைத் தரையில் அழுத்தியதால் அர்ச்சுனனின் கிரீடம் மட்டும் போயிற்று. மறுமுறை அதைத் தொடுவதில்லை என்று குந்திக்குக் கொடுத்த வாக்கு கர்ணனைக் கட்டிப்போட்டது என்பது நம் தமிழ்ப் பாரத மரபு. அந்தக் கதையை மனசில் வைத்துக்கொண்டு அவன் கையைப் பாருங்கள்: நரம்பு புடைத்திருக்கிறது, நகக்கண் தெரிகிறது. நேரே பார்த்தால் பாதிதான் பிடிபடும். பக்கவாட்டில் நகர்ந்தால்தான் தசையின் இறுக்கம் தெரியும். சிவனின் பாசுபத அஸ்திரத்துக்காகத் தவமிருந்த அர்ச்சுனன் இங்கே தாடியோடு நிற்கிறான். தவத்தில் இருப்பவன் முகத்துக்கும் போரில் இருப்பவன் முகத்துக்கும் உள்ள வேறுபாட்டைச் சிற்பி கல்லிலேயே காட்டியிருப்பதுதான், எங்களைக் கேட்டால், இந்தக் கோயிலின் உச்சம்.

பீமனும், பாதி மனிதன் பாதி விலங்கான புருஷாமிருகமும், தருமரும் உள்ள சிற்பத்தைக் கதை தெரியாமல் பலர் கடந்துவிடுகிறார்கள். பீமன் ஓட, மிருகம் துரத்துகிறது; அதன் எல்லையைத் தாண்டுமுன் பிடிபட்டால் பீமன் மிருகத்துக்கு இரை என்பது பேச்சு. ஒரு கால் எல்லைக்கு உள்ளே, மறு கால் வெளியே இருக்கையில் மிருகம் பிடித்துவிட்டது. தம்பி என்றும் பாராமல், பாதி உடம்பு மிருகத்துக்கே என்று தீர்ப்புச் சொன்னார் தருமர். அந்த நியாயத்தில் மகிழ்ந்துதான் மிருகம் பீமனை விட்டது. குழந்தைகளோடு போனால் இந்தக் கதையை அங்கேயே நின்று சொல்லுங்கள்.

சத்தம் கேட்கிறது என்று சிலைகளைத் தட்டாதீர்கள். கையும் வில்லும் அணிகலனும் தூணோடு சேர்ந்த ஒரே கல். மெலிந்து நீண்டிருக்கும் பகுதிதான் முதலில் உடையும். உடைந்ததைப் பழையபடி ஒட்ட வழியில்லை. எண்ணெய், குங்குமம், விபூதி எதையும் பூச வேண்டாம். எண்ணெய்ப் பிசுக்கில் தூசி படிந்து, உளி செதுக்கிய நுண்ணிய கோடுகளை அடைத்துவிடும். படம் எடுப்பதானால் கோயில் அலுவலகத்தில் முதலில் கேளுங்கள்.

புரட்டாசிச் சனிக்கிழமை பெருமாளைச் சேவிக்க விசேஷம். சிற்பங்களை நின்று பார்க்க வேறு கிழமையில் ஒருமுறை தனியாக வாருங்கள்.