கச்சான் வெயிலில் ஒரு குளிர்த்தி

மட்டக்களப்பு, அம்பாறைக் கரையோரத்துக் கண்ணகி கோயில்கள் பலவற்றில் வைகாசிச் சடங்குக்குத்தான் கதவு திறப்பார்கள். மற்ற நாட்களில் சாத்தியே இருக்கும். மேற்கிலிருந்து கச்சான் காற்று அனலாக வீசி உதட்டைக்கூட வெடிக்க வைக்கும் மாதம் அது. அம்மனைக் காண விரும்புகிறவர் அந்த வெக்கையிலேயே போக வேண்டும். அதுதான் சரி என்றும் எனக்குப் படுகிறது.

அக்கரைப்பற்றில் பொத்துவில் பஸ் ஏறித் தம்பிலுவில்லில் இறங்கினேன். கோயில் வாசலில் செருப்பைக் கழற்றியதும் மணல் உள்ளங்காலைப் பொசுக்கியது. வேப்ப மர நிழலுக்கு ஓடாமல் நின்றவர்களைப் பார்த்து நானும் நின்றேன்.

உள்ளே கண்ணகியின் கதையைச் சொல்லும் வழக்குரையைப் பாடிக்கொண்டிருந்தார்கள். கோவலன் வெட்டுண்ட இடம் வந்தபோது பெண்கள் வாய்விட்டு அழுதார்கள். மதுரையை எரித்த கோபத்தைச் சிறுவயதிலிருந்தே கேட்டு வருகிறேன். கால் எரிய நின்று கேட்ட அன்றுதான் அது என் வயிற்றில் இறங்கியது. 2004 கடற்கோளில் பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய்மார் இந்தக் கரையில் எத்தனை பேர்! “வயிறு எரிகிறது” என்று அவர்கள் சொல்வதை இனி வெறும் பேச்சு வழக்காக என்னால் கேட்க முடியாது.

மதுரையை எரித்துவிட்டு வந்தவளின் உடம்பில் ஆய்ச்சியர் வெண்ணெய் தடவி வெம்மையைத் தணித்தார்கள் என்பது இங்குள்ள நம்பிக்கை. யாரும் அவளுக்குப் புத்தி சொல்லவில்லை. நீ எரித்தது நியாயமா என்றும் கேட்கவில்லை. சூடு கண்ட உடம்பைக் குளிரச் செய்தார்கள், அவ்வளவுதான். துயரத்தில் இருப்பவரிடம் தத்துவம் பேசப் போகும் நாம் இதை அல்லவா முதலில் கற்க வேண்டும்?

விடியப்புறம், அம்மனின் வெம்மையைத் தணிக்கப் பாடும் குளிர்த்திப் பாடல் எழுந்தது. உடுக்கின் அதிர்வு நெஞ்செலும்பில் இடித்தது. வேப்பிலையில் தோய்த்துத் தெளித்த நீர் நெற்றியிலும் இமையிலும் விழுந்து, கழுத்துவழியே முதுகுக்கு வழிந்தது. உடம்பு ஒருமுறை சிலிர்த்து அடங்கியது. அருள் என்று இத்தனை நாள் நான் வாயால் சொல்லிவந்தது இதைத்தானா என்று மலைத்து நின்றேன். கை தானாக முகத்துக்குப் போனது.

“துடைக்காதே மகள், அதுவாகக் காயட்டும்” என்றார் பக்கத்தில் நின்ற மூதாட்டி. அவர் கையில் ஒரு போத்தல் தீர்த்தம் இருந்தது. வீட்டில் பேரனுக்கு அம்மாள் வருத்தமாம், அம்மை போட்டிருக்கிறதாம். பொங்கலுக்குக்கூட நிற்காமல் பஸ்ஸைப் பிடிக்கப் புறப்பட்டார்.