சாமர்செட்டில் சைடர்ப் பாட்டுகளைத் தேடி

இங்கிலாந்தின் தென்மேற்கே, பிரிஸ்டல் நகரத்தைத் தாண்டியதும் தொடங்கும் சாமர்செட் மாவட்டத்துக்கு, ஆப்பிளிலிருந்து இறக்கும் மதுவான சைடரும் அந்தச் சைடரைப் பற்றிய கேலிப் பாட்டுகளும் சேர்ந்தே பெயர் வாங்கித் தந்திருக்கின்றன. பின்னால் எடுக்க முடியாத இடத்தில் மாட்டிக்கொண்ட வண்டி, வயலில் எரு இறைப்பதில் வீரன், பக்கத்து நிலத்துக்காரியை மணக்கத் துடிக்கும் குடியானவன், ஜாடி காலியாகும்வரை எழ மனமில்லாத குடிகாரன் ஆகியோரே இப்பாட்டுகளின் நாயகர்கள். ‘ஸ்க்ரம்பி அண்ட் வெஸ்டர்ன்’ என்பது இவ்வகைப் பாட்டுக்கு இன்று வழங்கும் பெயர். பண்ணைகளில் வடிகட்டாமல் கலங்கலாகவே விற்கும் நாட்டுச் சைடர்தான் ஸ்க்ரம்பி. பல ஆண்டுகளாக ஒலிப்பதிவில் மட்டும் கேட்டு வந்த இப்பாட்டுகளை, அவை பெயர் சொல்லி அழைக்கும் ஊர்களிலேயே நின்று கேட்க வேண்டும் என்ற ஆசையில் ஒரு ஜனவரி மாதம் புறப்பட்டேன். ஜனவரியைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. அதைக் கார்ஹாம்ப்டன் பற்றிச் சொல்லும்போது சொல்கிறேன்.

முதலில் போனது நெயில்சீ. பிரிஸ்டல் டெம்பிள் மீட்ஸ் நிலையத்தில் ரயிலேறினால் சிறிது நேரத்தில் வந்துவிடும். நிலையத்திலிருந்து ஊருக்குள் கொஞ்சம் நடக்க வேண்டும். பார்த்த கண்ணுக்கு நகரத்தின் நிழலில் வளர்ந்த சாதாரணக் குடியிருப்பு ஊர்தான். ஆனால் சைடரோடு இதற்குள்ள உறவு பழையது. பிரிஸ்டலில் பீரும் சைடரும் காய்ச்சி விற்ற ஜான் ராபர்ட் லூகாஸ் 1788இல் இங்கே ஒரு கண்ணாடித் தொழிற்சாலை தொடங்கினார். அது 1873 வரை நடந்தது. பின்னர் இருபதாம் நூற்றாண்டில் ‘கோட்ஸ்’ என்ற சைடர் ஆலை இங்கே புகழ்பெற்றது. அந்த ஆலையும் இப்போது இல்லை. ஆனால் அங்கே வேலை பார்த்த ஒருவர் எழுதிய பாட்டு இருக்கிறது.

அவர் ஆட்ஜ் கட்லர். 1930இல் பக்கத்துக் கடற்கரை ஊரான போர்ட்டிஸ்ஹெட்டில் பிறந்து நெயில்சீயில் வளர்ந்தவர். சைடர் ஆலையில் உழைத்தார். கிளாரினெட் கலைஞர் ஆக்கர் பில்க்கின் குழுவுக்கு ஊர் ஊராகப் பயண ஏற்பாடு செய்யும் மேலாளராக இருந்தார். 1966இல் ‘த வுர்சல்ஸ்’ என்ற தம் சொந்தக் குழுவைத் தொடங்கினார். அந்த ஆண்டு நவம்பர் 2ஆம் தேதி நெயில்சீயின் ‘ராயல் ஓக்’ பப்பிலேயே ஒலிப்பதிவுக் கருவிகளை வைத்து, குடிக்க வந்திருந்த கூட்டத்தின் முன்னிலையில் பதிவு செய்த ‘ட்ரிங்க் அப் தை ஸைடர்’ என்ற பாட்டு, 1967 தொடக்கத்தில் பிரிட்டிஷ் தரவரிசையில் 45ஆம் இடம் வரை ஏறியது. அவ்வளவு பெரிய வெற்றி அல்ல என்று தோன்றலாம். சாமர்செட் மக்களுக்கோ அது இரண்டாவது தேசியகீதம். பிரிஸ்டல் சிட்டி கால்பந்து ரசிகர்கள் இன்றும் அதைப் பாடுகிறார்கள். இசைத்தட்டின் மறுபக்கத்தில் இருந்த பாட்டைக் கொச்சையானது என்று பிபிசி தடை செய்ததையும் இங்கே சொல்லிவிட வேண்டும். நாட்டுப்புறச் சிரிப்பு எங்கும் அந்த எல்லைக்கோட்டை ஒட்டித்தான் நடக்கிறது.

அந்தப் பதிவைக் கவனமாகக் கேட்டவர்களுக்கு ஒன்று புரியும். பாடுபவரின் குரல் அளவுக்குக் கூட்டத்தின் குரலும் அதில் இருக்கிறது. பல்லவி வரும்போது கூட்டம் காத்திருப்பதில்லை. பாடகருக்கு முன்பே பிடித்துக்கொள்கிறது. ஆலைத் தொழிலாளியான ஒருவர், தம்மைப் போன்றவர்களைப் பற்றி, தம்மைப் போன்றவர்கள் நடுவே, அவர்கள் பேசும் அதே பேச்சில் பாடுகிறார். நாட்டுப்புறத்தானின் உச்சரிப்பை நகரத்து மேடையில் போலி செய்து சிரிப்பு வாங்குவது இங்கிலாந்தில் நெடுங்கால வழக்கம். ஆட்ஜ் கட்லர் அந்தச் சிரிப்பைத் தம் ஊராரின் கைக்கே திருப்பிக் கொடுத்தார். ராயல் ஓக்கில் ஒரு கோப்பைச் சைடரோடு உட்கார்ந்து இதை யோசித்துக்கொண்டிருந்தபோது, கடைக்காரப் பெண்மணி நான் எதற்காக வந்திருக்கிறேன் என்று கேட்டார். சொன்னதும் முகம் மலர்ந்து, “எங்கள் பாட்டுக்காகவா!” என்றார். ‘எங்கள்’ என்று அவர் அழுத்திச் சொன்னது எனக்கு மிகவும் பிடித்தது.

நெயில்சீயிலிருந்து கிழக்கே சற்றுத் தொலைவில், பிரிஸ்டலுக்குத் தெற்கே இருக்கிறது ஸ்டான்டன் ட்ரூ. இன்றைய ஐரோப்பிய ஒன்றியத்தின் முன்னோடியான ஐரோப்பியப் பொதுச் சந்தை இந்தச் சிற்றூருக்கு வந்துவிட்டால் இங்குள்ள பழக்கவழக்கங்கள் என்ன பாடுபடும் என்று கற்பனை செய்யும் ஒரு பாட்டை வுர்சல்ஸ் பாடினார்கள். பிரிட்டன் அந்தச் சந்தையில் சேர்ந்தது 1973 ஜனவரி 1ஆம் தேதி; பாட்டு 1960களைச் சேர்ந்தது. பெரிய அரசியலைச் சின்ன ஊரின் வாசலில் கொண்டுவந்து நிறுத்திப் பார்ப்பது கிராமத்து நகைச்சுவையின் தனித்திறம். அதைவிடவும் இந்த ஊரில் நான் பார்க்க விரும்பியவை கற்கள். வயல் நடுவே 113 மீட்டர் விட்டத்தில் பெருங்கற்கால வட்டம் ஒன்று இங்கே இருக்கிறது. சனிக்கிழமைத் திருமணம் ஒன்றில் நள்ளிரவு தாண்டியும் ஆட்டத்தை நிறுத்த மனமில்லாமல், ஓய்வுநாளான ஞாயிறு பிறந்த பின்னும் ஆடியவர்கள், பிடில் வாசிக்க வந்த சாத்தானின் சூழ்ச்சியால் கல்லாகிப் போனார்கள் என்று ஊர்க்கதை சொல்கிறது. மணமகன், மணமகள், பாதிரியார் ஆகிய மூவரும் சமைந்த கற்கள் எங்கே இருக்கின்றன என்று கேட்டால், ஊர்ப் பப்பான ‘ட்ரூயிட்ஸ் ஆர்ம்ஸ்’ தோட்டத்தில் என்று வழி காட்டுகிறார்கள். மழையில் நனைந்து பாசி பிடித்த அந்தக் கற்களுக்குப் பக்கத்திலேயே குடிப்பவர்களுக்கான மர மேசைகள் போட்டிருக்கின்றன. கொண்டாட்டம் அளவு மீறினால் கல்லாவாய் என்று எச்சரிக்கும் கதையைப் பப்பின் தோட்டத்திலேயே வைத்துக் காக்கும் மக்கள், சைடரைப் பற்றிச் சிரித்துப் பாடுவதில் வியப்பில்லை.

அங்கிருந்து தெற்கே, கால்வாய்களும் வில்லோ மரங்களும் நிறைந்த தாழ்நிலமான சாமர்செட் லெவல்ஸுக்கு இறங்கினேன். பாட்டுகளைப் புரிந்துகொள்ளச் சைடர் இறக்கும் இடத்தைப் பார்ப்பது அவசியம் என்று நினைக்கிறேன். சைடருக்கான ஆப்பிள்கள் தின்பதற்கு உதவாதவை. கிங்ஸ்டன் பிளாக், டாபினெட், யார்லிங்டன் மில் என்று அழகான பெயர்கள் உண்டு, ஆனால் கடித்தால் நாக்கு துவர்த்து ஒட்டிக்கொள்ளும். அந்தத் துவர்ப்புதான் சைடருக்கு உடல். இலையுதிர் காலத்தில் பழத்தை அரைத்து, விழுதைத் துணியில் அடுக்கடுக்காக மடித்து வைத்து அழுத்துகிறார்கள். முற்காலத்தில் துணிக்குப் பதிலாக வைக்கோல் வைத்தார்கள். பிழிந்த சாறு, பதநீர் தானே புளித்துக் கள்ளாவது போல, பழத்திலும் ஆலையிலும் உள்ள காட்டு ஈஸ்ட்டினாலேயே பீப்பாயில் நுரைத்து மதுவாகிறது. நான் போன சிறிய பண்ணையில் பிழிவு முடிந்திருந்தது. பண்ணைக்காரர் ஒரு பெரிய ஓக் பீப்பாயின் மேல் துளையருகே காதை வைக்கச் சொன்னார். உள்ளே மெல்லிய சீறல், இடையிடையே ஒரு குமிழின் வெடிப்பு. ஆளில்லாத இருட்டுக் கொட்டகையில் யாரோ அடக்க முடியாமல் முணுமுணுத்துக்கொண்டிருப்பதாகத் தோன்றியது. பிறகு போன ஆண்டுச் சைடரை ஒரு கண்ணாடிக் கோப்பையில் ஊற்றிக் கொடுத்தார். நுரையோ குமிழோ இல்லை. வைக்கோல் நிறம், கலங்கல், முதலில் புளிப்பு, பிறகு நெடுநேரம் நிற்கும் துவர்ப்பு.

இந்தச் சைடர் ஒருகாலத்தில் கூலியாகவும் இருந்தது என்பதை மறந்துவிட்டு அப்பாட்டுகளைக் கேட்க முடியாது. பண்ணை ஆட்கள் காலையில் சிறிய மரப் பீப்பாயில் தங்கள் பங்கை நிரப்பிக்கொண்டு வயலுக்குப் போவார்கள். வைக்கோல் அறுப்புக் காலத்தில் பங்கு கூடும். நல்ல சைடர் தரும் பண்ணைக்கு நல்ல ஆட்கள் கிடைப்பார்கள். காசாகப் போக வேண்டிய கூலியில் ஒரு பகுதி இப்படி வயிற்றுக்குள் போயிற்று. 1887ஆம் ஆண்டுச் சட்டம் வேளாண் தொழிலாளருக்கு மதுவைக் கூலியின் பகுதியாகக் கொடுப்பதைத் தடை செய்த பிறகும் வழக்கம் உடனே நின்றுவிடவில்லை. ஆகவே ‘இன்னும் ஜாடியில் இருக்கிறது, குடி’ என்று ஒருவன் பாடும்போது அதை வெறும் குடிவெறியாக நான் கேட்பதில்லை. வேறு உடைமை அதிகமில்லாதவன் தன் பங்கை உரக்கச் சொல்லி மகிழும் குரல் அது.

லெவல்ஸின் ஓரத்தில் இருக்கும் ஹாம்பிரிட்ஜ் ஊருக்கும் போனேன். 1903இல் இவ்வூர்ப் பாதிரியார் சார்லஸ் மார்சனின் வீட்டுக்கு வந்திருந்த இசையாசிரியர் செசில் ஷார்ப், தோட்டக்காரர் ஜான் இங்கிலாந்து தம் வேலையினூடே பாடிய பாட்டைக் கேட்டுக் குறித்துக்கொண்டார். இங்கிலாந்தின் நாட்டார் பாடல் மறுமலர்ச்சிக்கு அந்தத் தோட்டத்தை ஒரு தொடக்கமாகச் சொல்கிறார்கள். அடுத்த பத்தாண்டுகளில் ஷார்ப் இந்த மாவட்டத்தில் மட்டும் 1,600க்கு மேற்பட்ட பாடல்களைத் திரட்டினார். லூசி ஒயிட், லூயிசா ஹூப்பர் என்ற ஹாம்பிரிட்ஜ் சகோதரிகள் அவருக்கு ஏராளமாகப் பாடிக் கொடுத்தார்கள். இந்த உழைப்புக்கு நாம் நன்றி சொல்லியே ஆக வேண்டும். எனினும் ஷார்ப்பும் மார்சனும் அச்சிட்ட தொகுதிகளில் பச்சையான அடிகள் மாற்றப்பட்டன அல்லது நீக்கப்பட்டன. வரவேற்பறையிலும் பள்ளியிலும் பாடுவதற்கு ஏற்றதாகப் பாட்டு தலைவாரிப் பொட்டு வைத்துக்கொண்டது. விடுபட்ட சிரிப்பு பப்புகளில் வாழ்ந்தது. அறுபது ஆண்டுகள் கழித்து ராயல் ஓக்கில் ஒலித்தது அதன் தொடர்ச்சிதான் என்பது என் உறுதியான எண்ணம். ஆட்ஜ் கட்லரை வேடிக்கைப் பாடகர் என்று ஒதுக்கிவிட்டு ஷார்ப்பின் தொகுதிகளை மட்டும் நாட்டார் பாடல் என்று கொண்டாடுவது சரியல்ல.

ஆட்ஜ் கட்லர் 1974 மே மாதம், நிகழ்ச்சி முடிந்து திரும்பும் வழியில் செப்ஸ்டோ அருகே கார் கவிழ்ந்து இறந்தார், வயது 43. குழுவில் எஞ்சிய டாமி பேனர், டோனி பேலிஸ், பீட் பட் மூவரும் கலைந்து போகாமல் தொடர்ந்தனர். அக்கார்டியன் வாசித்த பேனர் ஸ்காட்லாந்துக்காரர் என்றாலும் சாமர்செட் அவரைத் தன் பிள்ளையாகவே வைத்துக்கொண்டது. 1976 ஜூனில் அவர்களுடைய ‘கம்பைன் ஹார்வெஸ்டர்’ பிரிட்டிஷ் தரவரிசையில் முதலிடம் பிடித்து இரண்டு வாரம் நின்றது. அமெரிக்கப் பாடகி மெலனி 1971இல் உருளைச் சறுக்குக் காலணியையும் ஒரு சாவியையும் வைத்துப் பாடிய மெட்டு அது; அயர்லாந்தில் பிரெண்டன் கிரேஸ் அதை அறுவடை இயந்திரப் பாட்டாக மாற்றிப் பாடியிருந்தார்; வுர்சல்ஸ் அதைச் சாமர்செட் பேச்சில் எடுத்துக்கொண்டார்கள். தன்னிடம் 20 ஏக்கர், அவளிடம் 43 ஏக்கர், போதாததற்குத் தன்னிடம் புத்தம்புது அறுவடை இயந்திரம் என்று நிலக்கணக்கையே காதல்மொழியாக அடுக்கும் அந்தக் குடியானவனை எனக்கு நிரம்பப் பிடிக்கும். நிலத்தோடு நிலம் சேர்வதைப் பார்த்துப் பேசி முடிக்கும் கல்யாணங்களை அறிந்த எவரும் அந்தக் கணக்கில் உள்ள உண்மையை உடனே கண்டுகொள்வார்கள்.

இனிக் கார்ஹாம்ப்டன். எக்ஸ்மூர் மலையடிவாரத்தில் கடலோரமாக உள்ள இச்சிற்றூரில் ஜனவரி 17ஆம் தேதி இரவு ஆப்பிள் மரத்துக்கு வாழ்த்துப் பாடும் ‘வசேல்’ நடக்கிறது. 1752இல் இங்கிலாந்து நாட்காட்டியை மாற்றிக்கொண்டபோது பழைய கணக்கின்படி கிறிஸ்துமஸுக்குப் பின் வரும் பன்னிரண்டாம் இரவு இந்தத் தேதிக்குத் தள்ளிப்போனது; அரசாங்கம் தேதியை மாற்றலாம், மரத்துக்கு யார் சொல்வது என்று ஊரார் பழைய இரவையே வைத்துக்கொண்டார்கள். ‘புட்சர்ஸ் ஆர்ம்ஸ்’ பப்புக்குப் பின்னுள்ள தோப்பில் தீ மூட்டியிருந்தார்கள். மரத்தின் வேரில் சைடரை ஊற்றினார்கள். சைடரில் தோய்த்த ரொட்டித் துண்டுகளைக் கிளைகளில் செருகினார்கள். அவை ராபின் குருவிகளுக்கு. கெட்ட ஆவிகள் ஓடுவதற்காகத் துப்பாக்கிகள் வானத்தை நோக்கி வெடித்தன. என் அருகில் நின்ற சிறுவன் காதைப் பொத்திக்கொண்டு மகிழ்ச்சியில் குதித்தான். பிறகு கூட்டம் முழுவதும் பாடியது. தொப்பி நிறைய, குல்லாய் நிறைய, பெரிய மூட்டைகள் நிறையக் காய்க்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டே போகும் அந்தப் பழைய வாழ்த்து, கடைசியில் ‘மாடிப்படிக்குக் கீழேயும் ஒரு சின்னக் குவியல்’ என்று முடிகிறது. மூட்டை மூட்டையாகக் கேட்ட பிறகும் மறைவாக ஒரு குவியல் கேட்கும் அந்த அடியில் எல்லோரும் சிரித்தார்கள், ஒவ்வோர் ஆண்டும் சிரித்துப் பழகியவர்களாக. சடங்குக்குள்ளேயே சிரிப்பு இருக்கிறது. யாரும் வெளியிலிருந்து சேர்த்ததல்ல.

சடங்கு முடிந்து பப்புக்குள் வந்ததும் ஒருவர் அக்கார்டியனை எடுத்தார். பழைய வசேல் பாட்டுக்கு அடுத்ததாகக் கம்பைன் ஹார்வெஸ்டர் வந்தது, அதற்கு அடுத்ததாக ஆட்ஜ் கட்லரின் சைடர்ப் பாட்டு. எது நூற்றாண்டு பழையது, எது இசைத்தட்டில் வந்தது என்று அங்கே யாரும் பிரித்துப் பார்க்கவில்லை.

போக விரும்புகிறவர்களுக்குச் சில குறிப்புகள். டாண்டனிலிருந்து மைன்ஹெட் செல்லும் பேருந்து கார்ஹாம்ப்டன் வழியாகப் போகிறது, ஆனால் இரவில் திரும்பப் பேருந்தை நம்ப முடியாது. மைன்ஹெட்டிலோ டன்ஸ்டரிலோ முன்கூட்டியே அறை எடுத்துக்கொள்ளுங்கள். தோப்பு சேறாக இருக்கும், முழங்கால் வரை வரும் ரப்பர் காலணி நல்லது. பண்ணைச் சைடர் பீரைவிட வலுவானது, பெரும்பாலும் 6 முதல் 7 சதவீதம் வரை ஆல்கஹால் கொண்டது; அரைக் கோப்பையாக வாங்கி மெல்லப் பருகுங்கள். பல்லவிகளை மட்டுமாவது கற்றுக்கொண்டு போங்கள். பக்கத்தில் நிற்பவர் உங்களையும் பாடச் சொல்லுவார்.