புதிய எஸ்.எம்.பி.எஸ். பொருத்திய பிறகு: தேவனாம்பட்டினம் நாட்குறிப்பு

நவம்பர் 4, 2024, திங்கள்

என் கணினியின் பாகங்களுக்கு மின்சாரம் தரும் பெட்டியான பழைய எஸ்.எம்.பி.எஸ். செயலிழந்துவிட்டதால், இன்று மாலை புதியதைப் பொருத்தினேன். பொத்தானை அழுத்தியதும் விசிறிகள் எல்லாம் சுழல்கின்றன. திரையில் மட்டும் எதுவும் வரவில்லை. கடைக்காரரைத் தொலைபேசியில் கேட்டபோது, "மதர்போர்டு போயிருக்கும் சார், மாத்திடுங்க" என்றார்; பாகங்கள் எல்லாம் இணையும் முதன்மைப் பலகைதான் மதர்போர்டு. எதையும் அளந்து பார்க்காமல் சொல்லப்படும் தீர்ப்பை ஏற்க எனக்கு மனமில்லை. விசிறி சுழல்வது 12 வோல்ட் வருகிறது என்பதற்கு மட்டுமே சான்று. கணினியின் மூளையான ப்ராசஸருக்கென்று தனியே வரும் 4 பின் இணைப்பைச் சரிபார்த்தேன். அது உறுதியாகவே அமர்ந்திருக்கிறது.

நவம்பர் 5, செவ்வாய்

மல்டிமீட்டரை வைத்து அளந்தேன். மஞ்சள் கம்பியில் 12.08, சிவப்பில் 5.04, ஆரஞ்சில் 3.31 வோல்ட். ஐந்து விழுக்காடு கூடலாம், குறையலாம் என்பது விதி; அதாவது 12 வோல்ட் கம்பியில் 11.4 முதல் 12.6 வரை இருக்கலாம். மின்னழுத்தங்கள் நிலைபெற்றுவிட்டன என்று மதர்போர்டுக்குத் தெரிவிக்கும் சாம்பல் நிறக் கம்பியிலும் 5 வோல்ட் வருகிறது. அந்தச் சமிக்ஞை கிடைக்காதவரை ப்ராசஸர் இயங்கவே தொடங்காது. ஆகவே புதிய பொருளின் மீது பழியில்லை.

நவம்பர் 7, வியாழன்

மதர்போர்டில் சிறிய ஸ்பீக்கரைச் செருகியதும் நீண்ட பீப் ஒலி விட்டுவிட்டுக் கேட்டது; தற்காலிக நினைவகமான ராம் கிடைக்கவில்லை என்பதே இந்தப் போர்டில் அதன் பொருள். மின்கம்பியைப் பிடுங்கிவிட்டு இரண்டு ராம்களையும் கழற்றிப் பார்த்தால், தங்கப்பூச்சுள்ள முனைகள் மங்கிக் கறுத்திருந்தன. கடற்கரையை ஒட்டிய எங்கள் தெருவில் கதவுக் கீலே ஆண்டுக்கு ஆண்டு உப்புக் காற்றில் துருப்பிடிக்கிறது என்றால், பெட்டிக்குள் இருப்பவை மட்டும் எப்படித் தப்பும்? எஸ்.எம்.பி.எஸ். மாற்றுகையில், போர்டுக்கு மின்சாரம் தரும் இறுகிப்போன 24 பின் கனெக்டரை இழுத்துக் கழற்றும்போது போர்டு சற்று வளைந்து கொடுக்கத்தான் செய்யும். அதுவரை எப்படியோ ஒட்டிக்கொண்டிருந்த தொடர்பு அந்த அசைவில் விட்டுப்போயிருக்க வேண்டும் என்று கருதுகிறேன். முனைகளைப் பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்து, முதலில் ஒன்றை மட்டும் செருகினேன். திரை வந்தது! இரண்டாவதையும் ஏற்றுக்கொண்டது.

நவம்பர் 8, வெள்ளி

விண்டோஸ் தொடங்கும்போதே நீலத்திரை காட்டி மீண்டும் மீண்டும் அணைகிறது. கணினியைத் தொடக்கிவைக்கும் அடிப்படை மென்பொருளான பயாஸில் தேதி பல ஆண்டுகள் பின்னால் நிற்கிறது. வட்டுடன் மதர்போர்டு பேசும் முறையைக் குறிக்கும் சாட்டா அமைப்பு, ஏ.எச்.சி.ஐ. என்ற முறையிலிருந்து ஐ.டி.இ. என்ற பழைய முறைக்கு மாறியிருக்கிறது; நீலத்திரைக்கு அதுவே காரணம். பயாஸின் நினைவையும் கடிகாரத்தையும் காக்க போர்டில் உள்ள சி.ஆர்.2032 என்ற காசு வடிவப் பேட்டரியை அளந்தால் 2.3 வோல்ட்தான், புதியதில் 3 வோல்ட் இருக்கும். கணினி அணைந்திருந்தாலும் சுவரில் சுவிட்ச் போட்டிருக்கும்வரை, எஸ்.எம்.பி.எஸ். தரும் 5 வோல்ட் காத்திருப்பு மின்சாரமே கடிகாரத்தையும் பார்த்துக்கொள்கிறது. அதனால்தான் பேட்டரி தீர்ந்தது இத்தனை நாளும் தெரியவில்லை. பழுதுபார்க்க மின்சாரத்தை முழுவதும் துண்டித்தபோதே பயாஸ் தன் நினைவை இழந்தது. மஞ்சக்குப்பத்தில் புதிய பேட்டரி வாங்கிப் போட்டு, ஏ.எச்.சி.ஐ.யை மீட்டுத் தேதியைச் சரிசெய்ததும் விண்டோஸ் வந்துவிட்டது. தேதியைத் திருத்தாமல் விட்டிருந்தால், பாதுகாப்புச் சான்றிதழ் செல்லாது என்று இணையதளங்களும் திறந்திருக்க மாட்டா.

நவம்பர் 10, ஞாயிறு

நேற்றிரவு பிளக்கைப் பிடுங்கி வைத்திருந்தேன். காலையில் கடிகாரம் சரியான நேரத்தையே காட்டியது. பெரிய வீடியோக் கோப்பு ஒன்றை மாற்றும் வேலையைக் கொடுத்து, முழுச்சுமையில் மஞ்சள் கம்பியை மறுபடி அளந்தேன்: 11.96 வோல்ட். பழைய மதர்போர்டே தொடர்கிறது.