ஸ்லீவ் அறுவைக்குப் பின் எங்கள் வீட்டுச் சாப்பாடு

எடைக் குறைப்பு அறுவை செய்துகொண்டு வீடு திரும்பியவரைப் பார்க்க வருகிறவர்கள் "எத்தனை கிலோ குறைந்தது?" என்றுதான் முதலில் கேட்கிறார்கள். எனக்கு ஸ்லீவ் அறுவை நடந்து ஓராண்டு நெருங்குகிறது. இந்தக் கேள்விக்கு நான் சொல்லும் பதில் கேட்பவர்களுக்குப் பெரும்பாலும் ஏமாற்றமாகவே இருக்கிறது. எடை குறைந்திருக்கிறது, ஆனால் மெதுவாகக் குறைந்திருக்கிறது, நடுவில் சில காலம் அசையாமலும் நின்றிருக்கிறது. அறுவை நடந்தது என் வயிற்றில் என்றாலும், அதற்கேற்ப மாறவேண்டியிருந்தது எங்கள் வீட்டுச் சமையலறையும் உறவுகளின் உபசரிப்பும்தான். இந்த அறுவைக்குத் தயாராகிக்கொண்டிருக்கும் மதுரைப் பக்கத்துக் குடும்பங்களுக்குப் பயன்படும் என்று நினைத்து இதை எழுதுகிறேன்.

ஸ்லீவ் அறுவையில் இரைப்பையில் ஏறத்தாழ முக்கால் பங்கை, சிலருக்கு அதற்குச் சற்று மேலாகவும், அதன் வெளி வளைவை ஒட்டி லேப்ராஸ்கோப்பி மூலம், அதாவது சிறு துளைகள் வழியே, வெட்டி எடுத்துவிட்டு, மிஞ்சியதை ஒடுங்கிய குழல் வடிவில் மூடிவிடுகிறார்கள். ஒரு லிட்டருக்கு மேல் கொண்ட வயிறு, தொடக்கத்தில் 100 முதல் 150 மில்லி வரைதான் கொள்கிறது. பசியைத் தூண்டும் கிரெலின் ஹார்மோன் மிகுதியாகச் சுரக்கும் மேற்பகுதியும் போய்விடுவதால், முதல் சில மாதங்களுக்குப் பசி அடங்கியே கிடக்கிறது. "உனக்கு இதெல்லாம் எதற்கு, நீ என்ன அவ்வளவு குண்டா?" என்று கேட்ட உறவினர்கள் உண்டு. நம் போன்ற ஆசியர்களுக்குக் குறைந்த எடையிலேயே சர்க்கரை நோயும் இரத்த அழுத்தமும் வந்துவிடுவதால், உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் உடல் நிறைக் குறியீட்டெண் 25-ஐ எட்டினாலே உடல் பருமனாகக் கொள்ளலாம், 27.5-ஐ எட்டினால் இந்த அறுவையைப் பரிந்துரைக்கலாம் என்று 2022-இல் வெளியான பன்னாட்டு வழிகாட்டுதல் சொல்கிறது. நான் அந்த எண்ணைக் கடந்து பல ஆண்டுகள் ஆகியிருந்தன. சர்க்கரையும் மூட்டுவலியும் கூடவே இருந்தன.

முதலில் தெளிந்த நீராகாரம், பிறகு சற்றுக் கெட்டியான திரவம், அடுத்து மசித்த உணவு, அதன்பின் குழைந்த உணவு என்று வாரக்கணக்கில் படிப்படியாக ஏற்றிக்கொண்டு போகச் சொல்வார்கள். மருத்துவமனையில் தந்த அச்சிட்ட தாளில் இருந்த பெயர்களில் பாதி எங்கள் வீட்டில் புழங்காதவை. என் மாமியார் அந்தத் தாளை என்னைப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, "இதெல்லாம் நம்ம வீட்லயே இருக்குத்தா" என்று சொல்லி, பருப்பை வேகவைத்து இறுத்த தண்ணீர், காரமில்லாமல் வைத்து வடிகட்டிய எலும்புச் சாறு, நீர்மோர், இளநீர் என்று ஒவ்வொன்றுக்கும் ஈடு கண்டுபிடித்தார். அந்த வாரங்களை நான் சிரமமில்லாமல் கடந்ததற்கு அவருடைய கைப்பக்குவமே காரணம்.

திட உணவுக்குத் திரும்பியபோதுதான் உண்மையான பழக்கம் தொடங்கியது. நம் இலையில் சோறுதான் நடுநாயகம். குழம்பும் கறியும் காயும் சோற்றை உள்ளே அனுப்பத் துணைக்கு வருபவை. சிறுத்த வயிற்றுக்கு இந்த வரிசை அப்படியே தலைகீழாக வேண்டும். புரதம் முதலில், காய் அடுத்து, இடமிருந்தால் கடைசியில் இரண்டு கரண்டிச் சோறு. நாளொன்றுக்குக் குறைந்தது 60 கிராம் புரதம் வேண்டும் என்கிறார்கள். ஒரு முட்டையில் ஏறத்தாழ 6 கிராம், 100 மில்லி பாலில் 3 கிராம், 100 கிராம் மீனில் 20 கிராம் அளவுக்குக் கிடைக்கும். ஓர் இட்லியில் 2 கிராம் இருந்தாலே அதிகம். கையகலக் கிண்ணம்தான் மொத்தச் சாப்பாடு என்றான பிறகு, அதில் இட்லியை வைத்தால் முட்டைக்கு இடமிருக்காது. காலையில் இட்லியைத் தள்ளிவிட்டு அவித்த முட்டையைத் தேநீர்க் கரண்டியால் கிள்ளிக் கிள்ளிச் சாப்பிடுவதை எங்கள் வீட்டில் ஏற்றுக்கொள்ளவே வெகுகாலம் பிடித்தது. இட்லியைத் தள்ளிவைக்கிற மருமகளை மதுரையில் எந்த வீடும் கவலையோடுதான் பார்க்கும்.

இட்லி மென்மையானது, நோயாளிக்கு ஏற்றது என்பது நம் ஊரின் உறுதியான நம்பிக்கை. ஆறிப்போய் இறுகிய இட்லி ஒரு துண்டு எனக்கு நெஞ்சுக்குழியில் நின்றுபோன காலையை நான் மறக்கமாட்டேன். மார்பெலும்புக்குப் பின்னால் யாரோ கட்டைவிரலை வைத்து அழுத்துவது போன்ற வலி எழுந்தது. வாயில் எச்சில் ஊறி ஊறி நுரையாகத் திரண்டது. விழுங்கவும் முடியவில்லை, துப்பினாலும் நிற்கவில்லை. தண்ணீர் குடித்தால் இறங்கிவிடும் என்று அருகில் இருந்தவர்கள் தம்ளரை நீட்டினார்கள். அடைத்த இடத்துக்கு மேல் தண்ணீரும் சேர்ந்தால் வலி கூடும் என்பதால் வேண்டாமென்று கையமர்த்திவிட்டு, எழுந்து முற்றத்தில் மெல்ல நடந்தேன். சற்று நேரத்தில் அது தானே இறங்கியது. ஒவ்வொரு வாயையும் கூழாகும்வரை மெல்ல வேண்டும், சுண்டுவிரல் நகத்தளவுக்கு மேல் எடுக்கக்கூடாது, ஒரு வாய்க்கும் அடுத்த வாய்க்கும் நடுவே கரண்டியைக் கீழே வைக்க வேண்டும் என்பதன் பொருள் அன்று வீட்டில் எல்லாருக்குமே விளங்கியது. எப்போதாவது இப்படி அடைப்பது வேறு. நாள்தோறும் வாந்தி நிற்காமல் வந்தால் காத்திருக்கக் கூடாது. உடலில் பி1 வைட்டமின் வேகமாக வற்றி நரம்பையும் மூளையையும் பாதிக்கும் என்பதால், உடனே அறுவை செய்த மருத்துவரிடம் போய்விட வேண்டும்.

தண்ணீரின் கதை தனி. சாப்பாட்டோடு குடிக்கக் கூடாது. சாப்பிட்டு முடித்து அரைமணி நேரமாவது கழிய வேண்டும். ஆனால் நாள் முடிவதற்குள் ஒன்றரை லிட்டருக்குக் குறையாமல் உள்ளே போயிருக்கவும் வேண்டும். மடக்கு மடக்காகக் குடிக்க முடியாதவருக்கு மதுரையின் சித்திரை மாத வெயிலில் இது எவ்வளவு பெரிய வேலை என்பதைச் சொல்லி விளக்க முடியாது. அழகர் ஆற்றில் இறங்குகிற நாட்களில் தெருவுக்குத் தெரு நீர்மோர்ப் பந்தல் போட்டு, போகிறவர் வருகிறவர் கையில் எல்லாம் தம்ளரைத் திணிப்பார்கள். அதை ஒரே மூச்சில் குடித்துவிட்டுத் தம்ளரைத் திருப்பித் தருவதுதான் மரியாதை. நான் வீட்டிலிருந்து ஒரு குப்பியைக் கொண்டுபோய், பந்தலில் தந்த மோரை அதில் ஊற்றி வாங்கிக்கொண்டு, வழிநெடுகச் சிறிது சிறிதாகக் குடித்து முடித்தேன். இந்த அறுவை செய்துகொண்டவர்கள் கோடையில் குப்பியில்லாமல் வெளியே கிளம்பவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

ஜிகர்தண்டாவுக்கும் பருத்திப் பாலுக்கும் விடைகொடுத்தாயிற்று. செறிந்த இனிப்பு குடலுக்குள் விரைந்து இறங்கும்போது அது உடலின் நீரை அங்கே இழுத்துக்கொள்கிறது. படபடப்பு, வியர்வை, வயிற்றைப் பிசைதல், தலைசுற்றல் எல்லாம் வரும். ஒன்றிரண்டு மணி நேரம் கழித்து இரத்தச் சர்க்கரை தாழ்ந்துபோவதும் உண்டு. இரைப்பையிலிருந்து குடலுக்குக் குறுக்குவழி அமைக்கும் பைபாஸ் வகை அறுவையில் இது மிகுதி என்றாலும், ஸ்லீவ் செய்தவர்களுக்கும் வரக்கூடியதுதான்.

இப்போது விருந்துக்கு வருகிறேன், ஏனென்றால் எங்கள் பக்கத்தில் இதுதான் பெரிய சோதனை. பாண்டி கோயிலில் நேர்த்திக்கடன் என்று கிடா வெட்டினால், கறிச்சோறு சாப்பிடாமல் ஒருவர் எழுந்துபோவது கூப்பிட்டவரை அவமதிப்பதாகவே கொள்ளப்படும். எங்கள் நெருங்கிய உறவில் ஒரு வீட்டார் கிடா வெட்டி அழைத்திருந்தார்கள். போகாமல் இருந்தால் மனத்தாங்கல். போனால் பந்தியில் உட்கார்ந்தாக வேண்டும். இலையில் சோற்றைக் குவித்துக் குழம்பை ஊற்றிவிட்டு, "ஒரு வாய் சாப்பிட்டா என்னத்தா ஆகிரும்?" என்று மூன்று பக்கமிருந்தும் கேட்கிறார்கள். அப்படிக் கேட்பவர்கள் அத்தனை பேரும் என்மேல் உயிராக இருப்பவர்கள். நான் படுத்துக்கிடந்தபோது வந்து பார்த்தவர்கள். அவர்களுக்கு அன்பைக் காட்டத் தெரிந்த வழி அந்தக் கரண்டிதான்.

அன்று என் கணவரின் அக்கா, என் மதினி, பரிமாறுகிறவர்களுக்கும் என் இலைக்கும் நடுவில் வந்து நின்றுகொண்டார். "இவளுக்கு நான் வைக்கிறேன், நீங்க அடுத்த இலையைப் பாருங்க" என்று வாளியை அனுப்பிவிட்டு, குழைய வெந்த ஈரலில் சிறு துண்டும், சுவரொட்டியில் கொஞ்சமும், ஒரு கிண்ணத்தில் நெஞ்செலும்புச் சாறும் வைத்தார். ஈரலை விரலால் நசுக்கிப் பார்த்துவிட்டுத்தான் இலையில் இட்டார். சாற்றைச் சாப்பாட்டோடு குடிக்கக் கூடாது என்பதும் அவருக்கு நினைவிருந்தது. கிண்ணத்தின்மேல் ஒரு தட்டை மூடி வைத்து, "பொறவு குடி" என்றார். நான் ஒரு சொல் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பந்தி எழுந்தபோது என் இலையில் சோறு இல்லை, மீதமும் இல்லை, யாருக்கும் வருத்தமும் இல்லை. நான் எத்தனை முறை விளக்கினாலும் கிடைத்திருக்காத இடத்தை மதினி ஒரே பந்தியில் எனக்கு வாங்கித் தந்தார்.

எடைக்கு வருவோம். முதல் இரண்டு மூன்று வாரங்களில் முள் சரசரவென்று இறங்கும். தசையிலும் கல்லீரலிலும் சேமிப்பாக இருக்கும் கிளைக்கோஜன் ஒவ்வொரு கிராமும் தன்னோடு ஏறத்தாழ 3 கிராம் நீரைப் பிடித்து வைத்திருக்கிறது; உணவு குறைந்ததும் அந்தச் சேமிப்பு கரைய, நீரும் சேர்ந்து வெளியேறுகிறது. அதன்பிறகு பெரும்பாலானவர்களுக்கு எடை திடீரென்று நின்றுபோகும். கொழுப்பு கரைந்துகொண்டுதான் இருக்கும், உடல் நீரைத் திரும்பப் பிடித்துக்கொள்வதால் எண்ணில் தெரிவதில்லை. மாதங்கள் போகப் போக வேறொன்றும் சேர்ந்துகொள்கிறது: எடை குறைந்த உடலுக்குத் தேவைப்படும் ஆற்றலும் குறைவு, அதனால் குறையும் வேகமும் மட்டுப்படுகிறது. ஸ்லீவ் செய்தவர்களுக்கு ஓராண்டில் மொத்த எடையில் சராசரியாகக் கால் பங்கு அளவுக்குக் குறைகிறது. ஒன்றரை ஆண்டு வரைகூட இறக்கம் தொடரலாம். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு மற்றவர்களைவிட மெதுவாகவே குறைவதுண்டு. இதைத் தெரிந்துகொண்டவர் தினமும் எடை மேடையில் ஏறி மனம் நோகமாட்டார். வாரம் ஒருநாள், அதே நேரம், வெறும் வயிற்றில் பார்த்தால் போதும்.

எண் நகராமல் நின்ற காலத்தில் எனக்கு நம்பிக்கை தந்தவர் என் ரவிக்கை தைப்பவர். புதுமண்டபத்தில் இருந்து குன்னத்தூர் சத்திரத்துக்குக் கடை மாறிப் போனவர். என் அளவைப் பல ஆண்டுகளாக ஒரே நோட்டில் எழுதி வைத்திருக்கிறார். நாடாவைச் சுற்றிப் பார்த்துவிட்டு, பழைய அளவை அடித்து, பக்கத்தில் புதியதை எழுதினார். எடை மேடை ஒரு கிராம்கூட விட்டுக்கொடுக்காத அதே காலத்தில் இடுப்பில் இரண்டு அங்குலம் போயிருந்தது. சர்க்கரை மாத்திரையின் அளவை மருத்துவர் குறைத்ததும் அப்போதுதான். எடை எண்ணைவிட இவ்விரண்டையும் நான் பெரிதாக மதிக்கிறேன்.

முடி கொட்டும். அறுவைக்குப் பின் மூன்றாம் மாதம் முதல் ஆறாம் மாதம் வரை பலருக்கும் இது நேர்கிறது. என் பின்னல் மெலிந்து, மல்லிகைச் சரம் நிற்காமல் வழுக்கியது. பெரும்பாலும் மீண்டும் வளர்ந்துவிடும், எனக்கும் வளர்கிறது. பி12, இரும்பு, கால்சியம், டி வைட்டமின் ஆகியவற்றை மருத்துவர் சொன்னபடி விடாமல் எடுக்க வேண்டும். இரும்பையும் கால்சியத்தையும் இரண்டு மணி நேர இடைவெளி விட்டுத்தான் விழுங்க வேண்டும், ஒன்றாகப் போனால் இரும்பு சரியாக உடலில் சேராது. தசை கரையாமலிருக்க நடையும் வேண்டும். நான் மாலையில் வண்டியூர்த் தெப்பக்குளத்தைச் சுற்றி வருகிறேன். ஒரு சுற்று ஒரு கிலோமீட்டருக்குச் சற்று மேல் வரும், களைத்தால் உட்காரச் சுவரும் இருக்கிறது.

அறுவைக்கு முன் தரப்படும் ஆலோசனைக்கு நோயாளியை மட்டும் கூப்பிடுவதை மருத்துவமனைகள் மாற்றிக்கொள்ள வேண்டும் என்று நான் மனமார விரும்புகிறேன். சமைக்கிறவர் யாரோ அவரையும், விருந்தில் பக்கத்து இலையில் உட்காரப் போகிறவரையும் அழைத்து உட்கார வைத்துச் சொல்ல வேண்டும். அச்சிட்ட தாளில் நம் வீட்டுப் பண்டங்களின் பெயர்கள் இருக்க வேண்டும். அடுத்த மாதப் பரிசோதனைக்கு என் மாமியாரும் என்னோடு வருவதாகச் சொல்லியிருக்கிறார். கம்பங்கூழ் எவ்வளவு தரலாம், கருவாட்டில் உப்பை எப்படி இறக்குவது, பொங்கலுக்கு ஒரு கரண்டி சர்க்கரைப் பொங்கலாவது கொடுக்கலாமா என்று கேட்க வேண்டியவற்றைப் பேத்தியிடம் சொல்லி எழுதி வாங்கிவைத்திருக்கிறார்.