கேப்ல நடந்ததுக்கு எஃப்ஐஆர் வாங்குன அனுபவம், டிரைவர் ஐடி பிளாக் பண்ணிட்டோம்னு கம்பெனி சொன்னா அதோட விட்றாதீங்க

கேப் டிரைவர் மேல கம்ப்ளைண்ட் குடுக்கணும்னா என்ன பண்ணணும்னு நான் தேடுனப்போ கிடைச்சதெல்லாம் டிரிப்ப ஷேர் பண்ணுங்க, நம்பர் பிளேட் பாருங்க, பின்னாடி உக்காருங்கன்னு நடக்கறதுக்கு முன்னாடி உள்ள அட்வைஸ் தான். நடந்து முடிஞ்சதுக்கு அப்புறம் எங்க போகணும், பேப்பர்ல என்ன எழுதணும், என்ன கேட்டு வாங்கணும்னு யாரும் முழுசா சொல்லல. அதான் எனக்கு நடந்தத எழுதறேன். சென்னைல நடந்தது, ஆனா ஒரு சட்டத்த தவிர மத்த சட்டமெல்லாம் இந்தியா முழுக்க ஒண்ணுதான்.

சம்பவத்த சுருக்கமா சொல்லிடறேன். ராத்திரி வேலை முடிஞ்சு ஆப்ல புக் பண்ண வண்டி, வண்டி நம்பர் சரியா இருந்துச்சு, போட்டோவும் அதே முகம் மாதிரி தான் இருந்துச்சு. கொஞ்ச தூரம் போனதும் கல்யாணம் ஆயிடுச்சா, தனியா இருக்கீங்களான்னு ஆரம்பிச்சான், நான் பதில் சொல்லல, அப்புறம் கண்ணாடிய என் பக்கம் திருப்பி வெச்சுக்கிட்டு இங்க எழுத முடியாத மாதிரி பேசுனான், வண்டிய நிறுத்துங்கன்னு சொன்னேன், நிறுத்தாம சர்வீஸ் ரோட்ல இறக்கி மெதுவா ஓட்டுனான். நான் என் அண்ணனுக்கு போன் போட்டு ஸ்பீக்கர்ல வெச்சு வண்டி நம்பர், எந்த ரோடு எல்லாத்தையும் சத்தமா சொன்னேன், அதக் கேட்டதுக்கு அப்புறம் தான் ஒரு பெட்ரோல் பங்க் வாசல்ல நிறுத்துனான். பங்க்ல ஆளுங்க இருந்தாங்க, அங்கயே இறங்கிட்டேன். காசு குடுத்தா தான் போவேன்னு நின்னான், ஆள் போனா போதும்னு அவன் காட்டுன க்யூஆர ஸ்கேன் பண்ணி அனுப்பிட்டேன்.

அந்த க்யூஆர்ல தான் ரெண்டு விஷயம் ஆச்சு. என் யுபிஐ ஐடில என் போன் நம்பர் இருக்கு, ஆப்ல நம்பர மறைச்சு வெச்சாலும் பேமெண்ட்ல அது அவனுக்கு போயிடுச்சு, மறுநாள்லேர்ந்து வாட்ஸப்ல மெசேஜ். வேண்டாம்னு சொல்லியும், பிளாக் பண்ணியும், வேற நம்பர்லேர்ந்து திரும்பத் திரும்ப வந்துச்சு. இன்னொன்னு, பேமெண்ட் ரசீதுல வந்த பேரும் ஆப்ல இருந்த டிரைவர் பேரும் வேற வேற. இது ஏன் முக்கியம்னு பின்னாடி சொல்றேன்.

முதல்ல கம்பெனிக்கு தான் சொன்னேன். ஆப்ல பாதுகாப்பு பிரச்சனைன்னு ஒரு ஆப்ஷன் இருக்கும், அதுல போட்டதும் ஒரு பொண்ணு கூப்பிட்டாங்க, நல்லா தான் பேசுனாங்க, எல்லாத்தையும் கேட்டுக்கிட்டாங்க, அப்புறம் ஒரு மெயில். உங்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துறோம், டிரைவரோட ஐடிய பிளாக் பண்ணிட்டோம், டிரிப் காச திருப்பி அனுப்பிட்டோம், டிக்கெட் (அதாவது என் கம்ப்ளைண்ட்) க்ளோஸ் பண்றோம். அவ்வளவுதான். டிரைவர் பேர், அட்ரஸ் கேட்டா அது போலீஸ் கேட்டா தான் தருவோம்னு சொல்லிட்டாங்க. அந்த ரூலாச்சும் எனக்குப் புரியுது, ஆனா காச திருப்பிக் குடுத்தது தான் இன்னைக்கும் நெஞ்ச அறுக்குது, நான் ஏசி வேலை செய்யலன்னா கம்ப்ளைண்ட் குடுத்தேன்?

இங்க நீங்க செய்ய வேண்டியது, டிக்கெட் க்ளோஸ் ஆனாலும் அவங்க குறைதீர் அதிகாரிக்கு தனியா ஒரு மெயில் போடுங்க. 2020ல வந்த இ-காமர்ஸ் நுகர்வோர் பாதுகாப்பு விதிப்படி அந்த அதிகாரியோட பேர், தொடர்பு விவரம் எல்லாம் கம்பெனி தளத்துல போட்டிருக்கணும், 48 மணி நேரத்துல கிடைச்சுதுன்னு பதில் சொல்லணும், ஒரு மாசத்துல தீர்க்கணும். அந்த மெயில்ல டிரிப் ஐடி, தேதி, நேரம் போட்டு, இந்த டிரிப்போட ஜிபிஎஸ் ரூட்டு, கால் ரெக்கார்டு, டிரைவர் லாகின் விவரம் எதையும் அழிக்காம வைங்க, போலீஸ் கேப்பாங்கன்னு எழுதுங்க. நான் எழுதுனது பின்னாடி ஐஓவுக்கு, அதாவது கேஸ விசாரிக்கற போலீஸ் அதிகாரிக்கு, ரொம்ப உதவுச்சு. அதோட டிரிப் ஹிஸ்டரி, இன்வாய்ஸ், மேப்ல வண்டி போன ரூட்டு, யுபிஐ ரசீது, வாட்ஸப் சாட் எல்லாத்தையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைங்க. சாட்ட பாக்கவே அருவருப்பா இருக்கும், அழிச்சிட்டா நிம்மதின்னு தோணும், தயவுசெஞ்சு அழிக்காதீங்க.

வீட்ல, ஆபீஸ்ல எல்லாரும் அதான் ஐடிய பிளாக் பண்ணிட்டாங்களே, விடுன்னாங்க. எனக்கு அது ஏறவே இல்ல. ஒரு ஆப்ல பிளாக் பண்ணா அவன் பக்கத்து ஆப்ல ஓட்டப் போறான், ஒரு கம்பெனில இருக்கற ரெக்கார்டு இன்னொரு கம்பெனிக்கு தெரியாது. 2020ல மத்திய அரசு போட்ட வழிகாட்டுதல்லயே டிரைவர சேக்கறதுக்கு முன்னாடி போலீஸ் வெரிஃபிகேஷன் பண்ணணும்னு இருந்துச்சு, ஆனா போலீஸ்கிட்ட ஒண்ணுமே பதிவாகலன்னா வெரிஃபிகேஷன்ல என்ன வரும்? 2014 டிசம்பர்ல டெல்லில கேப்ல ஒரு பொண்ணுக்கு நடந்த பாலியல் வன்கொடுமை ஞாபகம் இருக்கும், அந்த டிரைவர் மேல ஏற்கனவே கேஸ் இருந்துச்சு, அவன் குடுத்த நன்னடத்தை சான்றிதழே போலின்னு அப்புறம் தான் வெளிய வந்துச்சு, 2015ல ஆயுள் தண்டனை ஆச்சு. அத நெனச்சு தான் நான் ஸ்டேஷன் போனேன்.

ஸ்டேஷன்ல முதல் கேள்வியே எங்க நடந்துச்சு, எங்க லிமிட்டாங்கறது தான். ஏறுனது ஒரு லிமிட், நடந்தது ஒரு லிமிட், வீடு இன்னொரு லிமிட். 2022ல சென்னைய பிரிச்சு தாம்பரம், ஆவடின்னு தனி கமிஷனரேட் வந்ததுக்கு அப்புறம் ஒரே டிரிப்புல ரெண்டு கமிஷனரேட்டே தாண்டிடும். அங்க போங்கம்மா, இங்க போங்கம்மான்னு தான் சொன்னாங்க. ஆனா 2024 ஜூலை 1லேர்ந்து பழைய சிஆர்பிசிக்கு பதிலா வந்த பிஎன்எஸ்எஸ் சட்டத்துல 173வது பிரிவு தெளிவா சொல்லுது, எந்த ஸ்டேஷன்ல குடுத்தாலும் வாங்கணும், அவங்க லிமிட் இல்லன்னா ஜீரோ எஃப்ஐஆர் போட்டு சரியான ஸ்டேஷனுக்கு மாத்தணும். இந்த மாதிரி குற்றத்துக்கு பொம்பள போலீஸோ வேற பெண் அதிகாரியோ தான் எழுதி வாங்கணும்னும் அதுலயே இருக்கு. ஆன்லைன்லயும் அனுப்பலாம், ஆனா 3 நாளுக்குள்ள போய் கையெழுத்து போடணும். நான் பிரிவு நம்பர பேப்பர்ல எழுதி கைல வெச்சிருந்தேன், சண்டை போடல, 173ல இப்படி இருக்கேன்னு மட்டும் கேட்டேன், ஸ்டேஷன் ரைட்டர் எழுந்து உள்ள போய் பேசிட்டு வந்து உக்காருங்கன்னாரு.

மனு எழுதறது தான் இருக்கறதுலயே கஷ்டமான வேலை, இத கொஞ்சம் விரிவா சொல்றேன். நான் எழுதிட்டுப் போனதுல "டிரைவர் என்னிடம் தவறாகப் பேசினார்"னு இருந்துச்சு. அங்க ஒரு ஏட்டம்மா, வயசுல பெரியவங்க, படிச்சிட்டு தனியா கூட்டிட்டுப் போய் உக்கார வெச்சு, ஏம்மா தவறாப் பேசுனான்னா ரேட்டு அதிகமா கேட்டான்னும் அர்த்தம் வரும், அவன் என்ன வார்த்தை சொன்னானோ அத அப்படியே எழுது, உனக்கு கை கூசும், ஆனா எழுதாத வார்த்தைக்கு செக்‌ஷன் கிடையாதுன்னாங்க. நான் எழுதுனேன். அழுகை வந்துச்சு, அவங்க ஒண்ணும் சொல்லாம பக்கத்துலயே இருந்தாங்க. அந்த வார்த்தைய எல்லாம் வீட்ல கூட நான் சொன்னதில்ல. ஆனா அவங்க சொன்னது தான் சரி, பழைய ஐபிசிக்கு பதிலா வந்த பிஎன்எஸ் சட்டத்துல பாலியல் ரீதியான பேச்சுக்கு 75, வேண்டாம்னு சொன்னதுக்கு அப்புறமும் திரும்பத் திரும்ப தொடர்பு கொண்டதுக்கு 78, மானத்த அவமதிக்கற பேச்சு, சைகைக்கு 79, தமிழ்நாட்ல இதோட 1998ல வந்த பெண் வன்கொடுமை தடைச் சட்டம் 4வது பிரிவையும் சேர்ப்பாங்க. இது எல்லாமே நாம எழுதற வாக்கியத்த வெச்சு தான் நிக்குது. நேரம் போடுங்க, அவன் சொன்னது, நீங்க பதிலுக்கு சொன்னது, வேண்டாம்னு எந்த மெசேஜ்ல சொன்னீங்க, எல்லாம் போடுங்க.

முதல்ல சிஎஸ்ஆர் தான் குடுத்தாங்க. நம்ம ஊர்ல நிறைய பேர் அந்த ரசீத வாங்கிட்டு கேஸ் போட்டாச்சுன்னு நெனச்சிட்டு வந்துடறாங்க. சிஎஸ்ஆர்ங்கறது மனு வந்துச்சுங்கறதுக்கு ரசீது மட்டும் தான், எஃப்ஐஆர் தனி. நடுவுல ஒரு எஸ்ஐ, கூப்பிட்டு ரெண்டு தட்டு தட்டி மன்னிப்பு கடிதம் வாங்கிடறோம்மா, கோர்ட்டு கேஸுன்னா உனக்கு தான் அலைச்சல்னு சொன்னாரு. அவர் அக்கறையா தான் சொன்னாரு, அது எனக்குத் தெரியுது. ஆனா அந்த கடிதம் ஒரு ஃபைல்ல கிடக்கும், அடுத்த கம்பெனி வெரிஃபிகேஷன் கேக்கும்போது அது எங்கயும் வராது. வேண்டாம் சார், எஃப்ஐஆர் போடுங்கன்னேன். அப்புறமும் இழுத்தாங்க, அதனால 173ல நாலாவது உட்பிரிவுப்படி மேலதிகாரிக்கு, சிட்டில இருந்தா டெபுடி கமிஷனர், மாவட்டம்னா எஸ்பி, பதிவுத் தபால்ல மனுவோட நகலையும் சிஎஸ்ஆர் நகலையும் அனுப்புனேன். அதுக்கப்புறம் தான் ஸ்டேஷன்லேர்ந்து கூப்பிட்டு எஃப்ஐஆர் போட்டாங்க. நகல் இலவசம், கேட்டு வாங்குங்க, வாங்குனதும் உங்க வார்த்தையெல்லாம் இருக்கான்னு வரி வரியா படிங்க.

அடுத்து எவிடென்ஸ். ஸ்கிரீன்ஷாட்ட பிரிண்ட் போட்டு குடுத்தா மட்டும் கோர்ட்ல நிக்காது, அதோட பாரதிய சாட்சிய அதினியம்ங்கற புது சாட்சிய சட்டத்தோட 63வது பிரிவுப்படி ஒரு சான்று வேணும், இது இந்த போன்லேர்ந்து எடுத்தது, இந்த போன் என் கிட்ட ஒழுங்கா வேலை செஞ்சிட்டு இருந்துச்சுங்கற மாதிரி. படிவத்த ஐஓ குடுத்தாங்க. அதனால கேஸ் முடியற வரைக்கும் அந்த போன எக்ஸ்சேஞ்ச்ல போட்றாதீங்க.

இப்ப அந்த க்யூஆர் விஷயம். ஐஓ கம்பெனிக்கு நோட்டீஸ் அனுப்பி டிரைவர் விவரம் வாங்குனாங்க, வந்த ஆள ஸ்டேஷனுக்கு கூப்பிட்டா அது அவனே இல்ல. அண்ணன் பேர்ல ஐடி, ஓட்டுனது தம்பி. முகம் ஒரே மாதிரி இருந்ததால தான் போட்டோல எனக்கு வித்தியாசம் தெரியல. அண்ணன் அன்னைக்கு நான் ஊர்லயே இல்லைங்கன்னு சொல்லிட்டாரு, அவர் சொன்னது உண்மை தான். யுபிஐ ரசீதுல இருந்த பேர், அதோட பேங்க் அக்கவுண்ட், வாட்ஸப் நம்பர், இத வெச்சு தான் தம்பிய பிடிச்சாங்க. யோசிச்சுப் பாருங்க, கம்பெனி ஐடிய பிளாக் பண்ணிட்டோம்னு மெயில் போட்டுச்சே, அது பிளாக் பண்ணது அந்த நேரத்துல வண்டிலயே இல்லாத ஒருத்தர. நிஜமா வண்டி ஓட்டுனவன் அவங்க ரெக்கார்டுலயே கிடையாது, அவனுக்கு வேற ஒருத்தர் ஐடி கிடைச்சா அதே ராத்திரி கூட ஓட்டிருப்பான். நான் டிக்கெட் க்ளோஸ்னதும் விட்டிருந்தா இது யாருக்கும் தெரிஞ்சிருக்காது. ஷிஃப்டு ஆரம்பிக்கும்போது டிரைவர் முகத்த செல்ஃபில சரிபாக்கறாங்கன்னு விளம்பரம் எல்லாம் வருது, அண்ணன் எடுத்துக் குடுத்துட்டு தம்பி கைல வண்டிய விட்டா அந்த செல்ஃபி என்ன செய்யும்? டிரிப் நடுவுலயும் கேக்கணும், இத நான் கம்பெனிக்கு எழுதிருக்கேன், இன்னும் எழுதுவேன்.

மாஜிஸ்ட்ரேட் முன்னாடி வாக்குமூலம் குடுக்கணும்னு சொன்னப்போ பயமா இருந்துச்சு. பிஎன்எஸ்எஸ் 183, பழைய சட்டத்துல 164னு சொல்வாங்க. பயந்த அளவுக்கு இல்ல. போலீஸ வெளிய நிக்க சொல்லிட்டாங்க, அம்மா மாஜிஸ்ட்ரேட் தான், யாராச்சும் சொல்லிக் குடுத்து வந்தியா, பயமுறுத்துனாங்களான்னு கேட்டுட்டு நான் சொன்னத நான் சொன்ன மாதிரியே எழுதிக்கிட்டாங்க, அவசரப்படுத்தல. மனுல எல்லாத்தையும் ஏற்கனவே எழுதியிருந்ததால வார்த்தை தடுமாறல, அப்போ அந்த ஏட்டம்மாவ நெனச்சுக்கிட்டேன்.

பெயில் கிடைச்சிடுச்சு அவனுக்கு. இது எனக்கு தூக்கத்த கெடுத்துச்சு, ஏன்னா புக்கிங்ல டிராப் என் வீட்டு வாசல்னு இருந்துச்சு. ஐஓகிட்ட எழுத்துல குடுத்தேன், அவனோ அவன் ஆளுங்களோ தொடர்பு கொண்டா பெயில ரத்து பண்ண கேப்போம்னு சொன்னாங்க. இப்போ டிராப்ப தெருமுனைல போடறேன், யுபிஐ ஐடிய நம்பர் இல்லாததா மாத்திட்டேன், ஆப்லயே காசு கட்டிடறேன். இதெல்லாம் நாம செய்ய வேண்டியிருக்குன்னு கோவமா தான் வருது.

ஆபீஸ் ஏற்பாடு பண்ண கேப்ல நடந்திருந்தா உங்களுக்கு இன்னொரு வழியும் இருக்கு. வேலை இடத்துல நடக்கற பாலியல் தொல்லைக்கான 2013 போஷ் சட்டத்துல வேலை செய்யற இடம்னா முதலாளி குடுக்கற போக்குவரத்தும் சேத்தி தான், 3 மாசத்துக்குள்ள உள் புகார் குழுவுக்கு எழுதலாம். நாமளே ஆப்ல புக் பண்றதுக்கு இது பொருந்துமான்னா அங்க தான் சிக்கல், டிரைவர் எங்க ஊழியரே இல்லைன்னு கம்பெனிங்க சொல்லுது. 2024 செப்டம்பர்ல கர்நாடக ஹைகோர்ட் ஒரு நீதிபதி, இல்ல, கம்பெனியோட குழு விசாரிக்கணும்னு சொல்லி அந்த பொண்ணுக்கு 5 லட்சம் இழப்பீடும் குடுக்க சொன்னாரு, அடுத்த மாசமே ரெண்டு நீதிபதி பெஞ்ச் அதுக்கு தடை போட்டுடுச்சு.

வக்கீல் செலவ நெனச்சு யாரும் நிக்காதீங்க. பொண்ணுங்களுக்கு வருமானம் எவ்வளவா இருந்தாலும் மாவட்ட சட்டப் பணிகள் ஆணையத்துல இலவசமா வக்கீல் தருவாங்க, 15100க்கு போன் பண்ணா போதும். ஆபத்துன்னா 112, பேச ஆள் வேணும்னா 181. விசாரணை எந்த அளவுல இருக்குன்னு 90 நாளுக்குள்ள போலீஸ் நமக்கு சொல்லணும்னு 193வது பிரிவுல இருக்கு, சொல்லலன்னா கேளுங்க, நான் கேட்டு தான் தெரிஞ்சுக்கிட்டேன். என் கேஸ்ல சார்ஜ்ஷீட் கோர்ட்டுக்கு போயிடுச்சு, கோர்ட் இன்னும் கேஸ் நம்பர் போடல. போட்டதும் சம்மன் வரும், போய் கூண்டுல நின்னு அதே வார்த்தைகள திரும்ப சொல்லணும். சொல்வேன்.