பயப்படாதீங்க என்று நான் இப்போது சொல்வதில்லை

குதிரையேற்றம் சொல்லிக்கொடுக்கத் தொடங்கிய முதல் சில வருடங்களில், மைதானத்தின் நடுவில் நின்றுகொண்டு நான் அதிகம் கத்தியது "குதிகாலைக் கீழே இறக்குங்க" என்றுதான். மாணவர்களும் அழுத்துவார்கள். குதிகால் இறங்கும். கூடவே கணுக்கால் விறைக்கும், முழங்கால் சேணத்தைக் கவ்வும், கால் முன்னால் போய்விடும், உடம்பு பின்னால் சாயும். குதிகால் இறங்கிவிட்டதே என்று நானும் திருப்தி அடைந்துவிடுவேன். அது தவறு என்று புரியவைத்தவர் ஒரு மாணவி.

நாற்பது வயதைக் கடந்தவர். கேன்டர் என்ற மிதவேக ஓட்டத்தில் விழுந்து மணிக்கட்டு முறிந்து, ஒன்றரை வருடம் கழித்து மறுபடி குதிரை ஏற வந்திருந்தார். லாயத்திலேயே சாதுவான பெட்டையைக் கொடுத்தேன். அது ஒரு எட்டு வைத்ததுமே கடிவாள வாரை மார்புவரை இழுத்துக்கொண்டார். விரல் முட்டிகள் வெளுத்துவிட்டன. "சார், ஓடிடுமா?"

குதிரை ஓடவில்லை. ஆனால் அவருடைய கால்கள் விலாவை நெருக்கி 'போ' என்றன, கை வாயை இழுத்து 'நில்' என்றது. பாவம், அது என்ன செய்யும்? தலையை உதறியது. அவர் இன்னும் இறுகினார். ஒரு ஈ வந்து உட்கார்ந்தால் அந்த இடத்துத் தோலை மட்டும் சிலிர்த்து விரட்டுகிற பிராணி அது. தன் முதுகில் ஒருவர் மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பது அதற்குத் தெரியாமல் இருக்குமா?

அன்று முதல் கடிவாளத்தை அவர் கையில் கொடுப்பதை நிறுத்தினேன். நடுவில் நான் நின்று, லஞ்ச் (lunge) என்ற நீளக் கயிற்றில் குதிரையைப் பிடித்து, 15 மீட்டர் வட்டத்தில், நடையில் மட்டும் சுற்றவிட்டேன். கால் வைக்கும் அங்கவடிகளையும் எடுத்து சேணத்தின் முன்பக்கம் குறுக்காகப் போட்டுவிட்டேன். ஒரு தடவைக்கு இருபது நிமிடம், அதற்கு மேல் இல்லை. திருத்தம் எதுவும் சொல்லாமல் கேள்விகள் மட்டும் கேட்டேன். உட்காரும் எலும்பு இரண்டில் எதில் பாரம் அதிகம்? இப்போது எந்தப் பின்னங்கால் முன்னால் வருகிறது? குதிரையின் பின்னங்கால் காற்றில் முன்னேறும்போது அந்தப் பக்கத்து இடுப்பு லேசாகக் கீழே இறங்கும். கண்ணால் பார்க்காமல் உட்காருமிடத்தாலேயே அதைக் கண்டுபிடிக்க வேண்டும். தேடத் தொடங்கியதும் அவருடைய இடுப்பு தானாக இளகியது.

மூன்றாம் நாள், நான்கு எட்டுக்கு மூச்சை உள்ளே, நான்கு எட்டுக்கு வெளியே என்று எண்ணிக்கொண்டிருந்தோம். ஒரு சுற்றில் அவர் நீளமாக மூச்சை விட்டார். பெட்டை கழுத்தைத் தாழ்த்தி, மூக்கு வழியே 'புர்ர்' என்று மெல்ல ஊதியது. சேணத்தின் முன்விளிம்பைப் பிடித்திருந்த கை நழுவி அவர் தொடையில் விழுந்தது. அவருக்கு அது தெரியவே இல்லை.

நாற்காலியில் உட்கார்வது போல வேண்டாம், கால்களை அகட்டி நிமிர்ந்து நிற்பது போல இருங்கள் என்று 2,300 வருடங்களுக்கு முன்பே செனபோன் என்ற கிரேக்கத் தளபதி எழுதிவைத்தார். அன்று அவர்களிடம் அங்கவடியே கிடையாது. காது, தோள், இடுப்பு, குதிகால் நான்கும் ஒரே செங்குத்துக் கோட்டில் என்று இன்று நாங்கள் சொல்வதும் அதுதான். குதிரையைக் கீழேயிருந்து உருவி எடுத்துவிட்டாலும் நீங்கள் மண்ணில் நின்றபடி இறங்க வேண்டும்.

அப்புறம் ட்ராட். இரண்டு தாளத்தில் தூக்கிப்போடும் நடை அது. பெரும்பாலானவர்களுக்கு மூச்சு அடைத்துக்கொள்வது அங்கேதான். "ஒண்ணு, ரெண்டு" என்று சத்தமாக எண்ணச் சொன்னேன். பேசுகிறவரால் மூச்சைப் பிடித்துவைக்க முடியாது. "பயப்படாதீங்க" என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. அந்தக் கட்டளைக்கு எந்த உடம்பும் கீழ்ப்படிவதில்லை.

ஆறாவது வாரம் அங்கவடிகளைத் திருப்பிக் கொடுத்தபோது, நான் வாய் திறக்காமலே குதிகால் இறங்கியிருந்தது. தொடை தளர்ந்து நீண்டதும் பாரம் தானே கீழே வந்து சேர்ந்துவிட்டது.

கடிவாளமும் கைக்கு வந்த பிறகு ஒருநாள், வேலியோரப் புதரிலிருந்து பறவை ஒன்று படபடவென்று கிளம்பியது. பெட்டை பக்கவாட்டில் துள்ளியது. எனக்கு நெஞ்சு பதறியது. அவர் சேணத்தின் நடுவிலேயே இருந்தார். மூச்சை விட்டார், கையைத் தளர்த்தினார், பெட்டையின் கழுத்தைத் தடவினார். நான்கைந்து எட்டு போனதும் என் பக்கம் திரும்பிக் கேட்டார்: "சார், அந்தப் புதர் பக்கமே இன்னொரு சுத்து போகட்டுமா?"